தேசம்மாவின் இருமலுக்குப் பாடு வைத்த கதை

ஒதியந்திட்டில் மின்சாரத்துக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் தலைக்கு மேலே போகிற கம்பிகளை எண்ணி முடிப்பதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனல் மின் நிலையம், இந்தப் பக்கம் நாங்கள். கப்பலில் வருகிற கரி அங்கே எரிந்து மின்சாரமாகி, எங்கள் கூரைகளுக்கு மேலாக ஒரு மரியாதைக்குக்கூடக் குனிந்து பார்க்காமல் நகரத்துக்குப் போய், அங்கே லிஃப்ட்டுகளில் ஏறி இறங்கி, ஜவுளிக்கடை வாசல்களில் கலர் கலராகச் சிரித்து, மிச்சம் மீதி இருந்தால் எங்களுக்குத் திரும்பி வரும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு வருகிற எதற்கும் களைப்பாகத்தானே இருக்கும். சாயங்காலம் எங்கள் பல்புக்குள் வந்து ஒரு தரம் சிவப்பாகக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, ஆளை அடையாளம் தெரியாத மாதிரி போய்விடும். சாம்பல் அப்படியில்லை. சாம்பலுக்கு நகரத்து ஆசை கிடையாது. அது விசுவாசமாக எங்கள் சோற்றிலும் குடத்திலும் படுக்கையிலும் வந்து தங்கிவிட்டது.

நானும் அந்த நிலையத்தில்தான் பதினேழு வருஷமாக ஒப்பந்தக் கூலி. கரியைக் கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்துவதை வாரி, மறுபடியும் பெல்ட்டிலேயே போடுவது என் வேலை. ஊருக்கே வெளிச்சம் கொடுக்கிற வேலை என்று மேஸ்திரி அடிக்கடி சொல்வார். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்து ஏற்றும்போதெல்லாம் அதை நினைத்துப் பெருமைப்படுவேன்.

பக்கத்து வீடு தேசம்மாவுடையது. அவள் புருஷன் கோதண்டம் எனக்குப் பெரியப்பா மகன். அவனுக்கு என்ன தொழில் என்று கேட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான். தேசம்மாவுக்குத் தொழில் ஆறு. வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பாள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடுகிற பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாய் திறந்தால் பறி போய்விடும், பறியோடு அன்றைய இறாலும் போய்விடும். அதனால் ஆற்றுக்குள் பேச்சு கிடையாது. காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம், அதைவிட ஒரு பெண்பிள்ளைக்கு என்ன சுகம் வேண்டும் என்று என் பெண்டாட்டி பரிமளத்திடம் சொல்லிச் சிரிப்பாளாம்.

நிலையத்தின் சாம்பல் குழாய் ஆற்றின்மேல் நாலு இடத்தில் ஒழுக ஆரம்பித்து, தண்ணீர் கூழ் மாதிரி ஆன இரண்டாவது வருஷம் அவளுக்கு இருமல் வந்தது. இருமுகிற வாயால் பறியைக் கடிக்க முடியாது. மூன்று தரம் பறி ஆற்றோடு போனபிறகு அவள் கரையேறிவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து இருமினாள். அவள் இருமுவதைக் கேட்டுத்தான் நாங்கள் காலையில் எழுந்தோம், அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினோம். கடல் சத்தம் மாதிரி அது எங்களுக்குப் பழகிப்போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கரண்ட் வழக்கம்போல வந்த வழியே போனபிறகு, தேசம்மா இருமினாள். அவள் வீட்டு பல்பு எரிந்தது. இருமல் நின்று அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அணைந்தது. மறுபடி இருமினாள், மறுபடி எரிந்தது. கோதண்டம் அண்ணாந்து பல்பைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு எழுந்துபோய் டிவியைப் போட்டான். சீரியலில் மாமியார் மருமகளை விஷம் வைத்துக் கொல்லப்போகிற கட்டம். அரை மணிக்குள் தெருவே அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தது. கொலை நடக்கிற சமயத்தில் தேசம்மா தண்ணீர் குடிக்கப் போனதால் படம் நின்றுவிட்டது. யார் செத்தது என்று தெரியாமல் போனதில் பலருக்கு அவள்மேல் வருத்தம்.

இது எப்படி நடக்கும் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரியைக் கொளுத்தினால் நகரத்தில் ஃபேன் சுற்றும் என்பதை நம்பியவர்கள் நாங்கள். இதையும் நம்புவதில் என்ன கஷ்டம்? எங்களுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். அவள் எந்த வீட்டில் உட்கார்ந்து இருமுகிறாளோ அந்த வீட்டில் மட்டும்தான் எரியும். ஊரில் நாற்பத்திரண்டு வீடு. யார் வீட்டில் உட்கார வைப்பது?

மற்ற ஊராக இருந்தால் அடித்துக்கொண்டு செத்திருப்பார்கள். எங்களுக்கு நாகரிகம் உண்டு. ஆற்று முகத்தில் மீன் பிடிக்க எங்கள் முப்பாட்டன் காலத்திலிருந்தே பாடு முறை இருக்கிறது. எல்லையம்மன் கோயிலில் குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்போம். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் பாடு. அன்றைக்கு விழுகிற மீன் அந்த வீட்டுக்கு, மற்றவன் கரையில் நின்று பார்க்கலாம், பெருமூச்சு விடக்கூடாது. பாடு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால், அந்த இடத்தில் முதல்முதலில் வலை விட்ட வீட்டுக்கே அது போய்ச் சேரும். இவ்வளவு நியாயமான முறை கைவசம் இருக்கும்போது யோசிப்பானேன்? நாட்டார் வஜ்ஜிரவேலு, அவர்தான் எங்கள் ஊருக்குத் தலைவர், கோயில் வாசலில் ஊரைக் கூட்டிக் குடத்தைக் குலுக்கினார். தேசம்மாவின் இருமலுக்குப் பாடு வைத்தாயிற்று. எனக்கு முப்பத்தோராவது நாள் விழுந்தது. தேசம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லையே என்று இப்போது தோன்றுகிறது. மீனிடம் கேட்டா பாடு வைக்கிறோம் என்று அப்போது தோன்றியது.

அன்றிலிருந்து அவள் சாயங்காலம் ஒரு வீடு, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய் உட்கார்ந்து, சாப்பாட்டுக் கடை முடிகிறவரை இருமிவிட்டு வருவாள். பகலில் செல்போன் சார்ஜ் போட வருகிறவர்களுக்குத் தனியாக இருமுவாள். ராஜ உபசாரம். அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வீடு வீடாகப் போனது. ஆனால் ஒரு சிக்கல். சில நாள் இருமல் கொஞ்சம் தணிந்துவிடும். ஊர் கவலைப்பட்டது. பொதுநன்மையை முன்னிட்டு எல்லா வீட்டுக் கொல்லையிலும் இருந்த தூதுவளையையும் கற்பூரவல்லியையும் வேரோடு பிடுங்கிப் போடும்படி நாட்டார் தண்டோரா போட்டார். தேசம்மாவுக்கு வெந்நீர் கொடுப்பது குற்றம். ஏழாவது பாடு விழுந்தவன் வீட்டில், வெளிச்சம் மங்குகிறது என்று அடுப்பில் காய்ந்த மிளகாயை வறுத்தார்கள். அன்றைக்கு அந்த வீடு கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. அடுத்த நாளிலிருந்து எல்லா வீட்டிலும் மிளகாய் வறுத்தார்கள். என் முறை வந்தபோது எங்கள் வீட்டிலும் வறுத்தோம். இதை நான் மறைக்கப்போவதில்லை.

அவள் ஒருதரம் தனியாகப் பஸ் ஏறி நகரத்து நெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். அங்கே ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆறு மாசம் சாம்பல் இல்லாத ஊரில் இருந்து மருந்து சாப்பிட்டால் பழையபடி ஆற்றில் இறங்கலாம், இப்படியே இருந்தால் அடுத்த மழைக்காலத்தைப் பார்க்க மாட்டாய் என்று சொல்லியிருக்கிறார். மதுராந்தகம் பக்கம் தேசம்மாவுக்குத் தங்கை இருக்கிறாள். அங்கே போய்விட்டு வருகிறேன் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டாள். யாரும் கூடாது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற முரடர்கள் நாங்கள் இல்லை. ஆடித் திருவிழா முடியட்டும் என்றோம். திருவிழா முடிந்ததும், பாடு வரிசையில் கடைசி ஆறு வீட்டுக்கு இன்னும் சுற்று வரவில்லையே, அவர்களுக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்யலாமா என்றோம். சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றின் முதல் வீட்டிலிருந்து ஆள் வந்து நின்றது. புருஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கோதண்டத்தை இப்போது எல்லோரும் எழுந்து நின்று வரவேற்றார்கள், முதல் டீ அவனுக்குத்தான். பெண்டாட்டி நன்றாக இருமினால் ராத்திரி சாப்பாட்டில் அவனுக்கு மீன் தலை. தலை கிடைக்கிற இடத்தில் அவனுக்கு வாய் எங்கே பேசும்?

சேதி ஆற்றைத் தாண்டி நிலையத்துக்குப் போனது. மக்கள் தொடர்பு அதிகாரி ஞானசம்பந்தம் ஒரு கருவியோடு வந்து, தேசம்மாவின் முதுகில் அதை வைத்துப் பார்த்தார். பிறகு நல்ல தமிழில் ஒரு கடிதம் வந்தது. மேற்படி பெண்மணியின் நெஞ்சில் சேர்ந்திருக்கிற சாம்பல் நிலையத்தின் சொத்து. அதை சிமெண்ட் ஆலைக்குத் தருவதாக ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்கிறது. இருந்தாலும் மனிதாபிமான அடிப்படையில் அது அங்கேயே இருந்துவிட்டுப் போகலாம். நாட்டார் அதைக் கோயில் வாசலில் படித்தபோது கைதட்டினோம். நன்றிக்கு அடையாளமாக ஞானசம்பந்தத்துக்கும் ஒரு பாடு ஒதுக்கினோம். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கை எங்களுக்கு எப்போதும் தாராளம். எந்த நாள் வேண்டும் என்று கேட்டதற்கு, மூன்றாவது யூனிட்டுக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிற நாளைக் கொடுங்கள் என்றார் அவர். கூட்டத்துக்கு ஜெனரேட்டர் வேண்டாம், ஃபேனும் மைக்கும் தேசம்மாவிலேயே ஓடட்டும், அதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

பந்தல் போட்டார்கள். மேடையில் அதிகாரிகளுக்கு வரிசையாகச் சோபா, ஓரமாக தேசம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி. அவள் தோளில் ஒரு பொன்னாடை. ஆவணி வெயிலில் அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஞானசம்பந்தம் எழுந்து மைக்கைப் பிடித்தார். அவள் இருமினால் மைக் பேசும், இருமல் நின்றால் மைக்கும் நிற்கும். அதனால் அவருடைய பேச்சு எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. சாம்பலைச் சாம்பலாகப் பார்க்கக்கூடாது. ஒவ்வொரு குடிமகனும் ஒரு மின் நிலையம். மூன்றாவது யூனிட் வந்தால் இந்த அம்மாவைப் போல் இன்னும் நாற்பது பேர். எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு ஒரு தேசம்மா இருந்தால் பாடே வேண்டாமே என்று எனக்குப் பின்னால் ஒருவன் சொன்னான்.

கேள்வி கேட்கிறவர்கள் கேட்கலாம் என்று சம்பிரதாயத்துக்குச் சொன்னார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. தேசம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். இருமிக்கொண்டே பேச முடியாது, ஆகவே இருமலைப் பல்லைக் கடித்து அடக்கினாள். அடக்கினதும் மைக் செத்தது, ஃபேன் நின்றது. பந்தல் முழுக்க அவள் வெறும் குரல்தான்.

"வெளிச்சத்துக்குப் பாடு வச்சீங்க. சரி. இருமலுக்கும் வையிங்க."

ஊரே சிரித்தது. அதிகாரிகளும் சிரித்தார்கள். ஃபேன் நின்று வியர்த்துக்கொண்டிருந்த நாட்டார், இவள் உட்கார்ந்து மறுபடி இருமினால் போதும் என்று, "வச்சாச்சும்மா, எல்லையம்மா சாட்சியா வச்சாச்சு, ஒக்காரு" என்றார்.

அம்மன் பேரைச் சொல்லி நாட்டார் வாயிலிருந்து வந்த வார்த்தை எங்கள் ஊரில் சட்டம். நாங்கள் அதை மீறியதுண்டு. இருமலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது தேசம்மாவை விட்டு இறங்கியது. அன்றைய பாடு ஞானசம்பந்தத்துடையது. அவர் நன்றியுரைக்கு வாயைத் திறந்தார், இருமினார். மைக் உயிர் பெற்றது, ஃபேன்கள் சுழன்றன, கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் அவருடைய இருமல் ஆற்றுக்கு இரண்டு கரையிலும் கேட்டது. அவ்வளவு சுத்தமான ஒலிபரப்பை நாங்கள் அதற்கு முன்னே கேட்டதில்லை. அரை மணியில் ஆம்புலன்ஸ் வந்தது. எங்கள் ஊருக்குள் ஆம்புலன்ஸ் வர வழி இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பொதுமக்கள் திட்டத்தை வரவேற்றதாகவும், அந்த நெகிழ்ச்சியில் அதிகாரிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதாகவும் அறிக்கையில் எழுதினார்கள். மூன்றாவது யூனிட்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து இருமல் பாடு முறைப்படி, முதல் சீட்டிலிருந்து தொடங்கி, வீடு வீடாகப் போனது. யார் பேரில் சீட்டு இருந்ததோ அவன் நெஞ்சில் காலையில் ஏறி மறுநாள் காலையில் இறங்கும். வெளிச்சமும் உண்டு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது எல்லோர் வீட்டிலும் வரிசையாகத் தெரிய ஆரம்பித்தது. முதல் நாள் நாட்டார் இருமினார். இரண்டாம் நாள் அவர் தன் பாட்டைக் கோயிலில் திருப்பிக் கொடுத்தார், ஊர்ப் பொறுப்பு இருக்கிறதாம். அடுத்தவனுக்கு மூலம். அதற்கடுத்தவனுக்கு வெளிச்சமே பிடிக்காதாம், சின்ன வயதிலிருந்தே அப்படியாம். மிளகாய் வறுத்துக் காட்டிய ஏழாவது வீட்டுக்காரன் தன் நாள் வருவதற்கு முன்பே மாமியார் ஊருக்குப் போய், அங்கிருந்து ஆள்விட்டுச் சீட்டைத் திருப்பி அனுப்பினான். கோதண்டத்தின் பேரிலும் ஒரு சீட்டு இருந்தது. அவனும் கொடுத்துவிட்டான், தன் வீட்டுக்கே திரும்பி வரும் என்று தெரிந்தே கொடுத்தான். ஒன்பது நாளில் குடம் நிரம்பிவிட்டது. திருப்பிக் கொடுத்த பாடு முதல் வலை விட்டவருக்கே போகும் என்பதுதானே முறை. ஒவ்வொரு சீட்டாக இருமல் தேசம்மாவிடம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முறையை மதிக்கிறோம் என்று மட்டும் சொல்லிக்கொண்டோம்.

நானும் கொடுக்கத்தான் போனேன். வேலை முடிந்து, சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒழுகுகிற குழாய் ஓரமாகக் கோயிலுக்கு நடந்தேன். குழாய்க்குக் கீழே தேசம்மா உட்கார்ந்திருந்தாள். என் சட்டைப்பையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, உன்னுது ஒண்ணுதான் பாக்கி கீது" என்றாள். நடுவில் இருமி, மூச்சு வாங்கி, மறுபடி சொன்னாள். "மொத்தத்தையும் நீங்க தாங்கணும்னு கேக்கல. ஒரே ஒரு நாளு நீ வச்சிக்க. அன்னிக்கு ஆத்துல எறங்கிட்டு வந்துர்றேன்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எங்கள் ஊரில் இல்லை என்று சொல்ல அதுதான் மரியாதையான வழி. வீட்டில் பரிமளத்திடம் சொன்னேன், அவளும் பயப்படுவாள், அதையே சாக்காக வைத்துக் கொடுத்துவிடலாம் என்று. அவள் மீன் அரிந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"இதுல கேக்கறதுக்கு இன்னா கீது?" என்றாள். "நம்ம வூட்ல மொளகா வறுத்தது நான்தான். வச்சிக்க."

முப்பத்தோராவது நாள் காலையில் அது என் நெஞ்சில் ஏறியது. அதைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. உள்ளே யாரோ முறத்தால் கரி வாரிப் போடுகிறார்கள், நான் பதினேழு வருஷமாக வாரியது எல்லாம் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகவில்லை. தேசம்மா விடிந்ததும் பறியோடு ஆற்றுக்குப் போய்விட்டாள் என்று பரிமளம் வந்து சொன்னாள்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் தேசம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலை ஈரம் காயவில்லை. பரிமளத்தின் கையில் ஒரு தட்டு இறாலைக் கொடுத்துவிட்டு, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் இருமினேன். பல்பு எரிந்திருக்க வேண்டும். எரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் இருமுகிறவன் கண் இருமும்போது இறுக மூடிக்கொள்கிறது. அது திறந்து, தண்ணீர் வழிந்து தீர்ந்து, ஒன்றைப் பார்க்கத் தயாராவதற்குள் அடுத்த இருமல் வந்துவிடுகிறது. காலையிலிருந்து நான் ஒருதரம்கூட அந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாசம், நாற்பத்திரண்டு வீடு, திருவிழா, பந்தல், இத்தனையிலும் இவளும் ஒருநாள்கூட அதைப் பார்த்திருக்க மாட்டாள். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, ஆனால் இருமலில் அது தனியாகத் தெரிந்திருக்காது.

தேசம்மா அண்ணாந்து பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பரிமளம் சொன்னாள். நாற்பது வாட்ஸ் பல்பு, மேலெல்லாம் சாம்பல் படிந்தது. ரொம்ப நேரம் பார்த்தாளாம். அவள் கேட்டது மட்டும் என் காதிலேயே விழுந்தது.

"இவ்ளோதானா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. பல்பு இன்னும் கொஞ்சம் பிரகாசமாக எரிந்ததாகப் பரிமளம் பிற்பாடு சொன்னாள்.